பிளஃப்ஸ் விளிம்பில் வீடு: கல் போடுவதா, கதியால் நடுவதா, தள்ளிப்போவதா?

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியில் ஒன்ராறியோ ஏரியோரம் செங்குத்தாக நிற்கும் உயர்ந்த மண்சுவர்தான் பிளஃப்ஸ். அதன் விளிம்பில் வீடு வைத்திருப்பவர்களிடமிருந்து ஒவ்வொரு வசந்தத்திலும் இந்தக் கேள்வி வரும். பனி உருகியதும் பின்வளவுக்குப் போய்ப் பார்ப்பார்கள். போன வருடம் நின்ற வேலிக்கால்களில் இரண்டைக் காணவில்லை, மூன்றாவது அந்தரத்தில் தொங்கும். உடனே தொலைபேசி எடுப்பார்கள்: "அண்ணை, கீழை கல்லுக் கொட்டினால் நிக்குமோ?"

அதே கிழமையில் வேறு விதமான கேள்வியும் வரும். கிங்ஸ்டன் வீதியில் மாடிக் குடியிருப்பில் இருக்கும் ஒருவர் கேட்டார்: "பல்கனியில் நின்றால் ஏரி தெரியுது. அம்மாவைத் தண்ணீருக்குக் கிட்டக் கூட்டிக்கொண்டு போக ஒரு வழியும் இல்லையே, ஏன்?" முதலாமவருக்கு ஏரி மேலே வரக்கூடாது, இரண்டாமவருக்குக் கீழே இறங்கி ஏரிக்குப் போக வேண்டும். இரண்டும் ஒரே கேள்வி என்றுதான் நான் சொல்வேன். கரையைப் பாதுகாக்கும் முறையைத் தெரிவு செய்யும்போதே அங்கே பாதை வருமா, குருவி தங்குமா என்பதும் சேர்ந்து முடிவாகிவிடுகிறது. பிறகு தனியாகத் திட்டமிட ஒன்றும் மிஞ்சாது.

ஸ்காபரோ பிளஃப்ஸை வைத்துத்தான் எழுதுகிறேன். ஒன்ராறியோ ஏரிக்கரையில் சுமார் 15 கிலோமீற்றர் நீளம், உயர்ந்த இடத்தில் 90 மீற்றருக்குக் கிட்ட. நம்மவர்கள் இத்தனை பேர் அதைச் சுற்றிக் குடியிருக்கிறோம். கலியாணப் படம் எடுக்கப் போனதைத் தவிர அதன் மண்ணைக் கவனித்தவர்கள் குறைவு.

## முதலில், ஏன் விழுகிறது

இது பாறை இல்லை. பனியாற்றுக் காலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த மணல், வண்டல், களி. ஏரியின் அலை அடிவாரத்தைத் தின்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாத பாதி மேலே இருக்கிறது. மழையும் உருகும் பனியும் மணலுக்குள் இறங்கிப் போய், களி அடுக்கில் முட்டி, மேற்கொண்டு இறங்க முடியாமல் பக்கவாட்டில் நடந்து, சுவரின் நடு உயரத்தில் கசிகிறது. குளிர்காலத்தில் அந்தக் கசிவு உறையும், மார்ச்சில் இளகும், மணலைக் கரைத்துக்கொண்டு வழியும். அதற்கு மேலே இருக்கும் மண் பிடி இல்லாமல் விழும். அன்றைக்கு ஏரி கண்ணாடி போலக் கிடந்திருக்கும்.

அலைக்கும் காலம் உண்டு. 2017இலும் 2019இலும் ஏரி மட்டம் சாதனை உயரத்துக்கு ஏறியது. அப்படியான ஆண்டுகளில் மணற்கரை நீருக்குள் போய்விடும், அலை நேரே மண்சுவரில் அடிக்கும். குளிர்காலத்தில் கரையோரம் பனிக்கட்டி கட்டினால் அது ஒரு மதில் போல நிற்கும். கட்டாத வருடத்தில் டிசம்பர், ஜனவரிப் புயல்கள் முழுக்கச் சுவருக்குத்தான்.

விழுந்த மண் எங்கே போகிறது? மேற்கே. ரொறன்ரோத் தீவுகள் என்று படகேறிப் போகிறோமே, அந்த மணலில் பெரும் பங்கு இந்த பிளஃப்ஸ் உதிர்த்தது. ஒரு காலத்தில் அது தீவே இல்லை, கரையோடு ஒட்டிய மணல்நாக்கு. 1858இல் ஒரு புயல் அதை அறுத்துவிட்டது. இங்கே உதிர்வதை நிறுத்தினால் அங்கே வந்து சேரும் மணல் குறையும்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

விலையை மட்டும் வைத்து ஒப்பிடுபவர்கள்தான் அதிகம். நான் இந்த வரிசையில் கேட்பேன்.

உங்கள் இடத்தில் எந்தத் தண்ணீர் வேலை செய்கிறது, ஏரியா, நிலத்தடியா, உங்கள் கூரையா? இதற்குப் பதில் தெரியாமல் மற்றவை எதுவும் அர்த்தமில்லை.

வீட்டுச் சுவரிலிருந்து விளிம்பு எவ்வளவு தூரம், எத்தனை வருடம் அந்த வீடு உங்களுக்கு வேண்டும்? எழுபது வயதில் இன்னும் பத்து வருடம் இருந்தால் போதும் என்பவருக்கும், முப்பது வருட அடமானத்தில் வாங்கப் போகிறவருக்கும் விடை ஒன்றாக இருக்க முடியாது.

செலவை யார் கொடுப்பது, அதைவிட முக்கியமாக, இருபது வருடம் கழித்துத் திருத்துவது யார்?

அயல் வளவுக்கு என்ன ஆகும்? மண்சுவரில் பொந்து தோண்டி வாழும் தகைவிலான் குருவிக்கும், ஆழமில்லாத கரைநீரில் முட்டையிடும் மீனுக்கும் என்ன ஆகும்?

கடைசியாக, ஊர்ச்சனம் கீழே இறங்க வழி பிறக்குமா, இருக்கும் வழி அடைபடுமா?

சராசரிக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். "வருடத்துக்கு இத்தனை சென்ரிமீற்றர்தான் போகுது" என்று வீடு விற்பவர் சொல்வார். பிளஃப்ஸ் தவணை முறையில் போவதில்லை. ஏழெட்டு வருடம் அசையாமல் இருந்து, ஓர் ஏப்ரல் இரவில் இரண்டு மீற்றரைக் கொண்டுபோகும்.

## வழி 1: தள்ளிப்போவது

கேட்டதும் தோல்வி மாதிரித் தெரியும். ஆனால் ஒன்ராறியோவின் விதிகள் அடிப்படையில் இதைத்தான் சொல்கின்றன. மண் ஆய்வு எதுவும் இல்லாவிட்டால், அடிவாரத்திலிருந்து உயரத்தின் மூன்று மடங்கை உள்நோக்கி அளந்து, அதற்கு மேல் நூறு வருட அரிப்பையும் கூட்ட வேண்டும். அரிப்பு அளவு தெரியாவிட்டால் அந்த நூறு வருடத்துக்கு 30 மீற்றர்.

40 மீற்றர் உயரமான இடத்தைப் போட்டுப் பாருங்கள். மூன்று மடங்கு 120, அதோடு 30, மொத்தம் அடிவாரத்திலிருந்து 150 மீற்றர். சரிவு இப்போது 45 பாகையில் நிற்கிறது என்றால் விளிம்பே அடிவாரத்திலிருந்து 40 மீற்றர் உள்ளேதான் இருக்கும். ஆக, ஆபத்துக் கோடு விளிம்பிலிருந்து 110 மீற்றர் பின்னால் விழுகிறது. ரொறன்ரோவில் அவ்வளவு ஆழமான வளவு எத்தனை பேரிடம் இருக்கிறது? வீடு, கராஜ், முன்வீதி எல்லாம் கோட்டுக்குள்தான். மண் பொறியியலாளர் துளையிட்டுப் பார்த்து "இந்த மண் இன்னும் செங்குத்தாக நிற்கும்" என்று எழுதித் தந்தால் கோடு முன்னால் வரும். அந்த அறிக்கைக்குக் கொடுக்கும் காசு வீணில்லை.

தள்ளிப்போவது என்றால் வீட்டை விட்டு ஓடுவது மட்டுமல்ல. பின்பக்கம் கூட்டிக் கட்டாமல் முன்பக்கம் கட்டுவது, டெக்கையும் கொட்டிலையும் விளிம்பிலிருந்து எடுப்பது, நீச்சல் குளத்தை மூடுவது, வளவு ஆழமாக இருந்தால் வீட்டையே வீதிப் பக்கம் நகர்த்திக் கட்டுவது எல்லாம் இதில் அடங்கும்.

மறைந்திருக்கும் செலவு காப்புறுதியில் இருக்கிறது. வழக்கமான வீட்டுக் காப்புறுதி மண்சரிவையோ கரை அரிப்பையோ ஏற்காது. வீடு விழுந்தால் நட்டம் உங்களுடையது, அடமானமும் உங்களுடையது. விற்கும் விலையும் விளிம்பு நெருங்க நெருங்கக் குறையும்; அதனால் தள்ளிப்போவதாக இருந்தால் சீக்கிரம் போவதுதான் மலிவு.

குருவிக்கு இதைவிட நல்ல வழி இல்லை. சுவர் புதிதாக விழுந்துகொண்டே இருந்தால்தான் தகைவிலானுக்குப் புது மண் கிடைக்கும். புல் மூடிய சரிவில் அது தோண்டாது. கனடாவில் இந்தப் பறவை நாற்பது ஆண்டுகளில் 98 வீதம் குறைந்துவிட்டதாக 2013இல் மதிப்பிட்டார்கள். பதினைந்து கிராம்கூட இல்லாத சீவன், தென்னமெரிக்கா வரை போய்த் திரும்பி வந்து, நாங்கள் "நாசம்" என்று சொல்லும் அதே சுவரைத் தேடுகிறது.

## வழி 2: மேலே தண்ணீரை அடக்கி, சரிவில் கதியால் நடுவது

என் அக்காவின் வீடு விளிம்புக்குக் கிட்ட இருக்கும் ஒரு வீதியில். மண் போகத் தொடங்கியதும் அவர் முதலில் கூப்பிட்டது ஓர் ஒப்பந்தக்காரரை. வந்தவர் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார், கீழே எத்தனை லொறிக் கல் போக வேண்டும் என்று அங்கேயே கணக்குச் சொன்னார். அவர் நின்ற இடத்துக்கு நாலடி பின்னால் கூரைப் பீலியின் குழாய் சரிவைப் பார்த்துத் திறந்து கிடந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. அக்காவும் பன்னிரண்டு வருடமாகக் கவனித்திருக்கவில்லை.

150 சதுர மீற்றர் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் 3,750 லீற்றர். ரொறன்ரோவில் வருடத்துக்கு 800 மில்லிமீற்றர் அளவு விழுகிறது. அப்படியானால் ஒரு கூரையிலிருந்து மட்டும் 120,000 லீற்றர். இதைச் சரிவின் தலையில் ஊற்றிக்கொண்டு அடிவாரத்தில் கல் அடுக்குவது, ஓட்டையை விட்டுவிட்டு வாளியை மாற்றுகிற வேலை.

ஒரு சிக்கல் இருக்கிறது. ரொறன்ரோ நகரம் கூரைக் குழாயைச் சாக்கடையிலிருந்து துண்டித்து நிலத்தில் விடச் சொல்கிறது. மற்ற இடங்களுக்கு நல்ல விதி. விளிம்பு வீட்டுக்கு அது ஆபத்து. ஆபத்தான இடங்களுக்கு விலக்குக் கேட்கலாம். அல்லது குழாயை முன்பக்கம் திருப்பி வீதிப் பக்கம் வடியவிடலாம். அக்கா வீட்டில் முன்பக்கம் திருப்பினோம்.

அப்புறம் சரிவு. வில்லோ, செந்தண்டு டொக்வூட் போன்ற உள்ளூர் மரங்களின் தடிகளை இலை இல்லாத காலத்தில் வெட்டி, மொட்டு விரியும் முன் ஈரமண்ணில் அடித்தால் அவை வேர்விட்டு மண்ணைப் பின்னும். இங்கே இதைப் பெரிய உயிரியல் தொழில்நுட்பம் போல விளக்குவார்கள். யாழ்ப்பாணத்தில் வேலிக்குக் கிளுவங்கதியால் போட்ட எவருக்கும் இது புதிதல்ல. அடிப்பக்கம் கீழே, நுனி மேலே, முக்கால்வாசி மண்ணுக்குள், அவ்வளவுதான். வித்தியாசம் காலத்தில் மட்டும்: அங்கே மழையைப் பார்த்து நட்டோம், இங்கே உறைபனியைப் பார்த்து.

புல் வெட்டினால் அதையும், இலையுதிர்கால இலையையும் விளிம்புக்கு அப்பால் தள்ளும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அது உரமாகும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது கீழே வளரும் செடிகளை மூடி அழுக வைத்து, ஈரத்தைப் பிடித்து, சரிவுக்குப் பாரம் ஏற்றுகிறது. விளிம்பிலிருந்து சில மீற்றருக்குப் புல்வெட்டியே போகாமல் காடாக விடுங்கள். காட்சி மறைக்கிறது என்று அங்கே நிற்கும் மரங்களைத் தறிப்பவர்களும் உண்டு. ஏரியைப் பார்ப்பதற்காக ஏரிக்குள் போகிறவர்கள் என்று அக்கா சொல்வார்.

இந்த வழியின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். வேர் ஒன்றிரண்டு மீற்றர்தான் பிடிக்கும். பத்து மீற்றர் ஆழத்தில் களியில் கசியும் தண்ணீரை எந்த வில்லோவும் நிறுத்தாது. அதற்குச் சரிவுக்குள் கிடையாகக் குழாய் செருகி வடிக்க வேண்டும், அது பொறியியலாளரின் வேலை. அலை அடிவாரத்தை நேரே தின்னும் இடத்தில் நட்டதெல்லாம் மண்ணோடு சேர்ந்து கீழே போகும். செங்குத்தான வெறும் சுவரில் நடவும் முடியாது, நடவும் கூடாது. அது தகைவிலானின் இடம்.

செலவு மற்றவற்றோடு பார்த்தால் சில்லறை. ஆனால் முதல் மூன்று வருடம் தோட்டக்காரனைப் போலக் கவனிக்க வேண்டும். நாய்நெரிகொடி எனப்படும் அந்நியக் கொடி வந்து இளசுகளை மூடிவிடும்.

## வழி 3: அடிவாரத்தில் கல் அடுக்கு

ஆமர் கல் என்று சொல்வார்கள், ஒவ்வொன்றும் சில தொன் எடை. அடியில் வடிதுணி, அதன்மேல் சின்னக் கல், அதன்மேல் பெருங்கல், அடிவிளிம்பை ஏரித்தரைக்குள் புதைத்து. ஒழுங்காகக் கட்டினால் அலையை நிறுத்தும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சந்தேகம் அதற்குப் பிறகு நடப்பதில். முதலாவது, கல் போட்டதும் மேலே விழுவது நிற்காது. அதே 40 மீற்றர் உயரச் சரிவு 45 பாகையில் நிற்கிறது. அது தானாக அடங்கி நிற்கும் சாய்வு உயரத்தின் இரண்டு மடங்கு என்று மண் ஆய்வு சொல்வதாக வைத்தால், அடிவாரத்திலிருந்து விளிம்பு 80 மீற்றரில் இருக்க வேண்டும். இப்போது 40இல் இருக்கிறது. அடிவாரத்தை இரும்பால் கட்டினாலும் மேல்விளிம்பு இன்னும் 40 மீற்றர் பின்னால் வந்த பிறகுதான் ஓயும். அதற்குப் பல பத்தாண்டுகள் எடுக்கலாம். ஆனால் உங்கள் வீடு அந்த 40க்குள் இருந்தால், கல் போட்டுவிட்டோம் என்ற நிம்மதி பொய் நிம்மதி. கல் விற்பவர் யாரும் இந்தக் கணக்கைச் சொல்லி நான் கேட்டதில்லை.

இரண்டாவது, ஏரித்தரை. இங்கே அடியில் இருப்பது களி. அலை அதைச் சுரண்டினால் மணல் போலத் திரும்பி வந்து படியாது; போனது போனதுதான். கல்லுக்கு முன்னால் ஆழம் கூடும், ஆழம் கூடினால் பெரிய அலை கிட்ட வரும், கல் சரியும், திரும்ப அடுக்க வேண்டும்.

மூன்றாவது, இரு முனைகள். கல் முடியும் இடத்தில் அலை சுற்றிக்கொண்டு அயல்வளவைக் கடிக்கும். முப்பது மீற்றர் அகல வளவுக்குத் தனியாகக் கல் போடுவது அயலவரோடு வழக்குப் போட அடிக்கல் நாட்டுவது மாதிரி.

செலவு? மீற்றருக்கு ஆயிரக்கணக்கான டொலர். ஒரு வளவுக்கே ஆறு இலக்கத்துக்குப் போய்விடும். அதில் பெரிய துண்டு கல்லுக்கு இல்லை, கல்லைக் கீழே கொண்டுபோவதற்கு. அறுபது மீற்றர் சுவரின் அடியில் லொறி எப்படிப் போகும்? தெப்பத்தில் ஏரி வழியாக, அல்லது பள்ளத்தாக்கு வழியாக ஒரு பாதை வெட்டி. அனுமதியும் பல கை மாறும்: டிஆர்சிஏ எனப்படும் ரொறன்ரோ வட்டாரப் பாதுகாப்பு ஆணையம், மீன்வாழிடத்துக்காக மத்திய மீன்வளத் திணைக்களம், கீழே நிலம் நகரத்துடையது என்றால் நகரமும். மீன் முட்டையிடும் மாதங்களில் தண்ணீருக்குள் வேலை செய்யவே முடியாது.

இது எப்போது சரி? வீதியோ, குழாய்த் தடமோ, நிறைய வீடுகளோ ஆபத்தில் இருந்து, மண் ஆய்வு "இங்கே காரணம் அலைதான்" என்று சொல்லி, முழுத் தொடரும் ஒன்றாகச் சேரும்போது. தனி வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## வழி 4: கல்முனையும் கூழாங்கல் கரையும்

கரை நெடுக மதில் போல அடுக்காமல், இடைவெளி விட்டு ஏரிக்குள் கல்முனைகளை நீட்டி, இடையில் கூழாங்கல்லைக் கொட்டிக் கரை உண்டாக்குவது. போர்ட் யூனியன் நீர்முனைப் பூங்காவுக்குப் போனவர்கள் இதன்மேல்தான் நடந்திருப்பார்கள். பிளஃப்ஸின் சில பகுதிகளிலும் டிஆர்சிஏ இப்படிச் செய்திருக்கிறது. அலை முனையில் உடைந்து வளைந்து, கூழாங்கல்லில் ஏறி, சக்தி இழந்து திரும்பும். மதிலில் முட்டித் திரும்பும் அலையைப் போல அடியைச் சுரண்டாது. கற்களுக்கிடையில் மீன்குஞ்சுக்கு இடமும் கிடைக்கும்.

வேலைக்காகக் கீழே வெட்டிய லொறிப் பாதையே பிறகு நடைபாதையாகிறது. இதனால்தான் பாதுகாப்பும் பாதையும் ஒரே முடிவு என்று முதலில் சொன்னேன். டொரிஸ் மக்கார்த்தி பாதையில் இறங்கிப் பாருங்கள், கில்ட் பூங்காவின் கீழ்ப்பாதையையும் பாருங்கள். அந்த அகலமும் சரளையும் நடப்பவருக்காக மட்டும் போட்டது போலத் தெரியாது.

குறைகள் சின்னவை இல்லை. ஏரித்தரையை மூடுகிறீர்கள், மூடிய வாழிடத்துக்கு ஈடாக வேறிடத்தில் வாழிடம் செய்து கொடுக்கச் சொல்வார்கள். அலை தொடாத சுவர் மெல்லச் சாய்ந்து பச்சையாகும். இருபது முப்பது வருடத்தில் தகைவிலான் அங்கே இருக்காது. மேற்கே போகும் மணல் குறையும். அதோடு, நடைபாதை விழும் சுவரின் அடியில்தான் போகிறது. வசந்தத்தில் அடைத்துவைப்பார்கள். அடைப்பைத் தாண்டிப் போய்ச் சேற்றில் இடுப்பளவு புதைந்து, தீயணைப்புப் படை கயிறு கட்டி இழுத்த கதைகள் ஒவ்வொரு வருடமும் உண்டு.

இது பொதுப்பணத்தில், கிலோமீற்றர் கணக்கில் மட்டுமே நடக்கும். பிளஃபர்ஸ் பார்க்கிலிருந்து ஈஸ்ட் பொயின்ட் பார்க் வரை டிஆர்சிஏ வகுத்த ஸ்காபரோ நீர்முனைத் திட்டம் அந்த அளவிலானதுதான். அப்படியான திட்டத்தில் ஒரு வீட்டுக்காரர் செய்யக்கூடியது, கூட்டத்துக்குப் போய்ப் பேசுவது. போனால் ஒன்றைக் கேளுங்கள்: எந்தப் பகுதியைத் தொடாமல் விடப் போகிறீர்கள்? வீடு இல்லாத இடத்தில், பூங்கா நிலத்தின் கீழே, சுவர் விழட்டும். கரை முழுவதையும் கட்டினால் குருவிக்கும் தீவுக்கும் மிச்சம் வைக்க இடம் இராது.

## நாலையும் பக்கத்தில் வைத்தால்

| | தள்ளிப்போவது | மேல்தண்ணீர் + கதியால் | கல் அடுக்கு | கல்முனை + கூழாங்கல் |
|---|---|---|---|---|
| எதற்கு மருந்து | எல்லாவற்றுக்கும் | கூரைநீர், மேல்மண் | அலை மட்டும் | அலை மட்டும் |
| யார் செய்யலாம் | தனி வீடு | தனி வீடு | பல வீடுகள் சேர்ந்து | அரசு |
| பெரிய மறைசெலவு | வீட்டு விலை, காப்புறுதி இன்மை | மூன்று வருடக் கவனிப்பு | கீழே இறக்கும் வழி, திரும்ப அடுக்குதல் | வாழிட ஈடு, பாதைப் பராமரிப்பு |
| மேல்விளிம்பு நிற்குமா | நிற்காது, நிற்கத் தேவையும் இல்லை | வேகம் குறையும் | நெடுநாள் கழித்து | நெடுநாள் கழித்து |
| அயல்வளவு | பாதிப்பில்லை | நன்மை | முனையில் அரிப்பு | முடியும் இடத்தில் அரிப்பு |
| தகைவிலான் | மிக நல்லது | சுவரை விட்டுவைத்தால் நல்லது | போய்விடும் | மெல்லப் போய்விடும் |
| ஏரிக்கு வழி | இல்லை | இல்லை | அடைபடலாம் | வரும் |

## கீழே இறங்கும் வழி

தனியார் படிக்கட்டுப் பற்றி ஒரே வரி: வேண்டாம். நகரும் சரிவில் அது இரண்டு மூன்று வசந்தம் தாங்கும், அதற்குள் தண்ணீர் ஓடுவதற்கு ஒரு வாய்க்காலைத் தன் பக்கத்திலேயே வெட்டிவிடும்.

அம்மாவைக் கூட்டிப்போக வழி கேட்டவருக்கு வருகிறேன். சக்கர நாற்காலியோ நடைச்சட்டமோ போகத் தக்க சாய்வு இருபதுக்கு ஒன்று. 60 மீற்றர் இறங்க 1,200 மீற்றர் நீளப் பாதை வேண்டும். சுவரின் முகத்தில் அதை வெட்டினால் சுவரே போய்விடும். ஆகவே நியாயமான வழி, ஏற்கெனவே நீரோடை அறுத்து வைத்திருக்கும் பள்ளத்தாக்குகள்தான். டொரிஸ் மக்கார்த்தி பாதை அப்படி இறங்குகிறது, ஆனால் அது முதியவருக்குச் செங்குத்து. இறங்கிவிடலாம், ஏறுவதுதான் பிரச்சினை.

இன்றைக்கே போக வேண்டும் என்றால் இரண்டு இடம். பிரிம்லி வீதி தெற்கே இறங்கும் பிளஃபர்ஸ் பார்க்கில் கார் தண்ணீர்வரை போகும்; கோடை வார இறுதியில் காலை ஒன்பதுக்கு முன் போகாவிட்டால் கார் நிறுத்த இடம் தேடியே நாள் முடியும், அதனால் வார இறுதி டிடிசி நகரப் பஸ்ஸைப் பாருங்கள். இல்லையென்றால் கிழக்கே போர்ட் யூனியன்: அங்கே பிளஃப்ஸ் தாழ்ந்துவிடுகிறது, பாதை மட்டமாக இருக்கிறது, வாங்கில் இருந்து தண்ணீரைப் பார்க்கலாம். அம்மாவோடு என்றால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

## யாருக்கு எது

விளிம்பு வீட்டிலிருந்து தூரமாக இருந்து, கூரைநீர் சரிவுக்குப் போகிறது என்றால், இரண்டாம் வழியை இந்த வருடமே தொடங்குங்கள். காத்திருக்க ஒரு காரணமும் இல்லை.

விளிம்பு நெருங்கிவிட்டது, மண் ஆய்வில் வீடு சரிவு தானாக அடங்கும் கோட்டுக்குள் விழுகிறது என்றால், கல்லுக்கு வைத்திருக்கும் பணத்தை வெளியேறப் பயன்படுத்துங்கள். வாங்குபவரிடம் அறிக்கையை மறைக்காமல்.

முழு வீதியும் ஆபத்தில் என்றால், தனித்தனியாக ஒப்பந்தக்காரரைத் தேடாமல் ஒன்றாகச் சேர்ந்து டிஆர்சிஏயிடம் போங்கள். பொதுப்பணத்தில் கரை கட்டும்போது உங்கள் சரிவுப் பகுதியைத் தங்களுக்கு எழுதிக் கொடுக்கும்படி அவர்கள் கேட்கலாம். கேட்டால் கொடுத்துவிடுங்கள், அந்த மண் எப்படியும் உங்களிடம் நிற்கப் போவதில்லை.

இன்னும் வாங்கவில்லை, ஏரிக் காட்சிக்காக வாங்க ஆசை என்றால், வீதியின் மறுபக்க வீட்டைப் பாருங்கள். முன்வீட்டுக்காரர் போன பிறகு காட்சி உங்களுக்குத்தான். (பகிடிதான். பாதிப் பகிடி.)

அக்கா வீட்டில் வேலியோரமாகச் சிவப்பு மை பூசிய நாலு முளை அடித்து, விளிம்பு வரை நாடாவால் அளந்து, சமையலறைக் கலண்டரில் எழுதி வைக்கிறோம். வருடத்தில் இரண்டு முறை, மே முதல் கிழமையும் நவம்பரும். குழாயைத் திருப்பி இது மூன்றாவது மே. ஒரு முளையில் மட்டும் இருபது சென்ரிமீற்றர் குறைந்திருக்கிறது. அதற்கு நேர் கீழே, போன கோடையில் விழுந்த புதுச்சுவரில், ஏழு பொந்து எண்ணினேன்.